மஞ்சளும் நீலமும்: தாய்மாமனுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மாமா,

உங்களுக்கு மட்டும் சொல்லவேண்டிய விஷயம் என்றால் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நன்றி என்று நான் வாயெடுத்ததுமே "அது கெடக்கு, சாப்பிட்டியா?" என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால் ஊரறிய எழுதுகிறேன். போஸ்டர் வடிவமைக்கிறவர், கடைப்பலகை எழுதுகிறவர், செல்போன் செயலிக்குப் பொத்தான் வரைகிறவர், ஆஸ்பத்திரிச் சுவரில் அம்புக்குறி ஒட்டுகிறவர் என்று யார் கண்ணிலாவது இது பட்டால் அவர்களுக்கும் உதவட்டும்.

என் வேலையைப் பார்த்தவர்கள் ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதில்லை: "மஞ்சளையும் நீலத்தையும் விட்டால் உங்களுக்கு வேறு கலரே கிடையாதா?" பேருந்து நேர அட்டவணையா, மருந்து சாப்பிடும் முறை சொல்லும் அட்டையா, வார்டுக்கு வழிகாட்டும் பலகையா, எதுவானாலும் நல்ல எலுமிச்சை மஞ்சளும் ஆழ்ந்த நீலமும் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. சிலர் இதை என் முத்திரை என்கிறார்கள். ஒரு வாடிக்கையாளர், "திருவிழாத் தட்டி மாதிரி பளிச்சுனு இருக்கே, கொஞ்சம் டீசண்டா பண்ணக்கூடாதா?" என்றார். அவர் அகராதியில் டீசண்ட் என்றால் சாம்பல் மேல் இன்னொரு சாம்பல். முத்திரையும் இல்லை, திருவிழா ஆசையும் இல்லை. அந்த இரண்டு நிறங்களும் உங்கள் கண்ணிலிருந்து நான் எடுத்துக்கொண்டவை.

சின்ன வயதில் எனக்கு நீங்கள் ஒரு புதிர். பழுத்த மிளகாய் பறிக்க ஆள் அனுப்பும்போது அம்மாச்சி உங்களை மட்டும் விட்டுவிடுவார். செம்பருத்திச் செடி நிறையப் பூத்திருந்தாலும் கிட்டே போய் இலைக்குள் கையை விட்டுத்தான் பூவைக் கண்டுபிடிப்பீர்கள். தக்காளியை அழுத்திப் பார்ப்பீர்கள், மாம்பழத்தை முகர்ந்து பார்ப்பீர்கள். அதே நீங்கள், வேலியின் அந்தக் கோடியில் ஒற்றைப் பீர்க்கம்பூ விரிந்திருந்தால் வாசலில் இருந்தே சொல்லிவிடுவீர்கள். சங்குப்பூவும் அப்படித்தான். சிவப்பும் பச்சையும் உங்களுக்கு ஒன்றுக்குள் ஒன்று கலந்துபோகும், மஞ்சளும் நீலமும் கலக்காது என்பதை யாரும் எனக்கு விளக்கவில்லை. பார்த்துப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

சிவகாசியில் அச்சகத்துக்குப் போனவர் நாலு கலர் மெஷின் பக்கம் நிற்க ஆசைப்பட்டீர்கள். நிறப்பார்வையைச் சோதிக்கும் புள்ளிப் புத்தகத்தைக் காட்டிப் பார்த்துவிட்டு, இங்க் ஒத்துப்பார்க்க முடியாது என்று பைண்டிங்கில் போட்டார்கள். பாரம் அடுக்கி, பின் அடித்து, கட்டிங் மெஷினில் ஓரம் வெட்டி, ஆயுசில் பாதி அங்கேயே போனது. எத்தனை ஆயிரம் தினசரி காலண்டருக்குத் தகரம் அடித்திருப்பீர்கள்! விடுமுறை நாளைச் சிவப்பிலும் மற்ற நாளைப் பச்சையிலும் அச்சடித்த காலண்டர்கள் அவை. அந்தக் காலண்டர் நம் வீட்டுச் சுவரிலேயே தொங்கும்போது, "நாளைக்கு லீவா?" என்று அத்தையைத்தான் கேட்பீர்கள்.

ஆனால் மஞ்சள்–நீலம் என்ற ஜோடியை முதலில் கையாண்டவர் அத்தை. அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குச் சோறு கிடைக்காது. உங்களுக்கு பிரஷர் மாத்திரை ஆரம்பித்த புதிதில், மருந்துக்கடையில் காலை மாத்திரைப் பெட்டியில் பச்சைப் புள்ளியும் இரவு மாத்திரைப் பெட்டியில் சிவப்புப் புள்ளியும் ஒட்டிக் கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, ஊரெல்லாம் அப்படித்தான் செய்கிறது. அத்தை இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் தையல் மெஷின் டிராயரைத் திறந்து, காலைப் பெட்டிக்கு மஞ்சள் நூலும் இரவுப் பெட்டிக்கு நீல நூலும் சுற்றிவிட்டார். அதற்குப் பிறகு நீங்கள் மாத்திரை விஷயமாக யாரையும் கூப்பிடவில்லை. வண்ணக் கோட்பாடு என்று கல்லூரியில் எனக்குச் சொல்லிக்கொடுத்த எதுவும் அந்த இரண்டு நூலை விடத் தெளிவாக இருந்ததில்லை.

பிறகு காரணத்தைத் தேடிப் போனேன். நம் விழித்திரையில் மூன்று வகைக் கூம்புச் செல்கள் உண்டு. நீளமான அலைகளுக்கு ஒன்று, நடுத்தர அலைகளுக்கு ஒன்று, குட்டை அலைகளுக்கு ஒன்று. முதல் இரண்டுக்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் அடுத்தடுத்து இருக்கின்றன. அதில் ஒன்று தவறினாலோ திரிந்தாலோ சிவப்பு–பச்சை வேறுபாடு மங்கும். நீலத்துக்கான மரபணுவோ ஏழாவது குரோமோசோமில் தனியாக இருக்கிறது. அதில் கோளாறு வருவது மிக அரிது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், அதுவும் அம்மாவிடமிருந்து வருவது. உங்கள் பையன்கள் இருவருக்கும் அத்தையின் எக்ஸ் போனதால் மிளகாய் பறிக்கத் தெரிகிறது. உங்கள் அக்கா வழியாக என் தம்பிக்கு உங்கள் கண்ணின் குறை இறங்கிவிட்டது. "மாமனை உரிச்சு வச்சிருக்கான்" என்று அம்மாச்சி சொன்னபோது மூக்கைத்தான் சொன்னார். கண்ணுக்கும் அது பொருந்தும்.

இது ஏதோ நம் வீட்டு விசேஷம் என்று நினைக்க வேண்டாம். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு அளவில் இது உண்டு. ஆசியாவில் இதைவிடக் குறைவு, பெண்களிடம் இன்னும் குறைவு. பெரும்பாலோருக்குச் சிவப்பும் பச்சையும் அடியோடு தெரியாமல் போவதில்லை, வித்தியாசம்தான் சுருங்கிப்போகிறது. மங்கலான வெளிச்சத்தில், சின்னப் புள்ளியில், அவசரத்தில் கைவிட்டுவிடுகிறது.

இதைப் பற்றி முதலில் விரிவாக எழுதியவரும் தன் கண்ணைப் பற்றியே எழுதியவர்தான். அணுக்கொள்கைக்குப் பெயர்போன ஜான் டால்டன், 1794இல் மான்செஸ்டரில் ஒரு கட்டுரை வாசித்தார். மற்றவர்கள் இளஞ்சிவப்பு என்ற ஜெரேனியப் பூ, பகலில் அவருக்கு வான்நீலமாகத் தெரிந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பார்த்தால் நீலமே இல்லை. கடிதத்துக்கு முத்திரை வைக்கும் சிவப்பு அரக்கும் லாரல் இலையின் பச்சையும் அவருக்கு ஒத்துப்போயின. வானவில்லில் அவருக்கு உறுதியாகத் தெரிந்தவை மஞ்சளும் நீலமும்தான், கூடவே கொஞ்சம் ஊதா. அவருடைய அண்ணனுக்கும் அதே கண். ஆமாம் மாமா, அந்த வீட்டிலும் இது ஜோடியாகத்தான் இறங்கியிருக்கிறது.

விழிக்குள் இருக்கும் திரவம் நீலச்சாயமாக இருப்பதால்தான் இப்படி என்று டால்டன் நம்பினார். செத்த பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள் என்று சொல்லிவைத்தார். 1844இல் அவர் இறந்ததும் மருத்துவர் திறந்து பார்த்தார், திரவம் தெளிவாகவே இருந்தது. மிச்சமிருந்த விழித் திசு பத்திரமாக இருந்து, 1995இல் அதிலிருந்து டி.என்.ஏ. எடுத்துப் பார்த்தபோதுதான் விடை கிடைத்தது: நடுத்தர அலைக் கூம்பு அவருக்கு இல்லை. தன் குறையைப் பற்றி இவ்வளவு பொறுமையாகக் குறிப்பெழுதிய ஒருவரை நீங்கள் சந்தித்திருந்தால், இரண்டு பேரும் அரக்குக் குச்சியையும் இலையையும் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசியிருப்பீர்கள்.

இன்னொரு விஷயம், இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். பாலூட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு உங்களைப் போல இரண்டு வகைக் கூம்புதான். மூன்றாவது வகை நம் குரங்கு மூதாதைகளுக்கு 3 முதல் 4 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு மரபணு இரட்டித்ததால் வந்தது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே விலங்கின் கண் நீலம்–மஞ்சள் என்று உலகைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. நம் தொழுவத்துப் பசு இன்றைக்கும் அப்படித்தான் பார்க்கிறது. மஞ்சள்–நீலம் பழைய சொத்து. சிவப்பு–பச்சை பிற்பாடு வந்த வரவு. அதனால்தான் வீட்டுக்கு வீடு அதன் கணக்கு மாறுகிறது.

19ஆம் நூற்றாண்டில் எவால்ட் ஹெரிங் என்ற ஜெர்மன் உடலியல் அறிஞர், கண் நிறங்களை எதிரெதிர் ஜோடிகளாகக் கணக்கிடுகிறது என்றார். சிவப்புக்கு எதிர் பச்சை, மஞ்சளுக்கு எதிர் நீலம். பச்சை கலந்த நீலத்தைக் கற்பனை செய்யலாம், சிவப்பு கலந்த மஞ்சளையும் செய்யலாம். நீலம் கலந்த மஞ்சளைச் செய்ய முடியாது. ஓவியக்காரன் இரண்டு சாயத்தையும் குழைத்தால் பச்சை வரும், அது வேறு கணக்கு. கண்ணுக்குள் அவை இரண்டும் ஒரே தராசின் இரண்டு தட்டு.

இப்போது வேலைக்கு வருகிறேன், ஏனென்றால் நன்றியில் பெரும்பகுதி அங்கேதான் கிடக்கிறது.

நான் எந்தப் புரூபைக் கொண்டுவந்தாலும் நீங்கள் படிப்பதற்கு முன்னால் கையை நீட்டிப் பிடிப்பீர்கள், ஜன்னல் பக்கம் நகர்வீர்கள், கண்ணைப் பாதி மூடுவீர்கள். பிறகு விரலை வைத்து, "இது நிக்குது. இது கரையுது" என்பீர்கள். அழகா இல்லையா என்று ஒருநாளும் சொன்னதில்லை. அந்த இரண்டு வார்த்தைக்குள் எவ்வளவு கணக்கு இருக்கிறது என்பது எண்ணாகப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. இணையப் பக்கங்களை எல்லோரும் படிக்கும்படி அமைப்பதற்கான உலகப் பொதுவிதி, எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்கிறது. திரையில் முழுச் சிவப்பு எழுத்தை அடர்பச்சையில் வைத்தால் அது 1.3கூட வராது. பளிச்சென்ற மஞ்சளை ஆழ்ந்த கடற்படை நீலத்தின்மேல் வைத்தால் 15ஐத் தொடுகிறது. நிறமே தெரியாத கண்ணுக்கும், வெயிலில் பிடித்த செல்போனுக்கும், கறுப்பு-வெள்ளை ஜெராக்ஸுக்கும் அது நின்றுவிடும்.

அதாவது, நிறத்துக்கு முன்னால் வெளிச்சம்தான் பேசுகிறது. மஞ்சள்–நீலம் என்று பெயர் வைத்துக்கொண்டு கடுகு மஞ்சளையும் வான்நீலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். அது எவருக்கும் உதவாது. மஞ்சள் எலுமிச்சைபோல் வெளுப்பாகவும் நீலம் கிட்டத்தட்டக் கறுப்பாகவும் இருக்கும்போதுதான் ஜோடி வேலை செய்கிறது. மஞ்சளை வெள்ளைத் தாளில் எழுதுவதும் வீண். அந்த வேறுபாடு வெறும் 1.07. மஞ்சளுக்கு ஒரு இருட்டு வேண்டும், இல்லாவிட்டால் அதுவே தரையாகிவிட வேண்டும்.

எது தரை, எது எழுத்து என்பதிலும் உங்கள் விரல்தான் எனக்குப் பாடம். நீலத் தரையில் மஞ்சள் எழுத்து கொழுத்துத் தெரியும், வெளிச்சம் ஓரம் தாண்டி வழியும். ஆங்கில எழுத்துக்கு அது அவ்வளவு பாதகமில்லை. தமிழ் எழுத்துக்குச் சுழி உண்டே! ணகரத்தின் மூன்று சுழியும், ளகரத்தின் கொம்பும், 'கூ'வின் வாலும் பத்துப் புள்ளி அளவில் நீலத்தின்மேல் போனால் அடைத்துக்கொள்ளும். "இது ணவா னவா?" என்று நீங்கள் கேட்டது நிறத்தைப் பற்றியே இல்லை, சுழி மூடிப்போனதைப் பற்றி. அதனால் நீலத் தரை என்றால் எழுத்தை ஒரு படி மெல்லியதாக எடுத்து, எழுத்துக்கு எழுத்து இடைவெளியைக் கூட்டுகிறேன். சின்ன எழுத்து, நெடும்பத்தி என்றால் மறுபேச்சில்லாமல் மஞ்சள் தரை, நீல எழுத்து. ஊசிமுனை அளவுச் செய்தியை நிறத்தை மட்டும் நம்பி ஒப்படைப்பதே இல்லை. விழித்திரையின் நட்டநடுவில் நீலத்தை உணரும் கூம்பு கிடையாது. அங்கே விழுகிற குட்டிப் புள்ளி, உங்கள் கண்ணிலும் சரி என் கண்ணிலும் சரி, நீலமா கறுப்பா என்று சொல்லத் தெரியாமல் நிற்கும்.

அச்சில் இன்னொரு வசதி இருக்கிறது, அது உங்கள் அச்சகத்து மெஷின்மேன் சொல்லிக்கொடுத்தது. நாலு கலரில் ஆழ்ந்த நீலம் என்றால் சயானும் மெஜந்தாவும் சேர வேண்டும். அதன் நடுவே மஞ்சள் எழுத்தைத் திறந்துவிட்டால், ரெஜிஸ்டர் ஒரு மயிரிழை விலகினாலும் எழுத்தோரத்தில் ரோஸ் கரை தட்டும். ஆனால் மஞ்சளை முதலில் தாள் முழுக்க ஓட்டி, அதன்மேல் நீலத்தைத் தனி இங்க்காக ஏற்றினால் இரண்டே கலர் வேலை. விலகினாலும் வெள்ளை தெரியாது. மேலே விழுந்த நீலம் கொஞ்சம் பச்சையடித்துக் கறுக்கும். நான் அதைப் பார்த்து முகம் சுளித்தேன், நீங்கள் கண்ணைப் பாதி மூடி, "நல்லா நிக்குதே" என்றீர்கள். காசும் குறைவு. ஊராட்சி நோட்டீசுக்கு இன்றைக்கும் அந்த வழிதான்.

சிவப்பு–பச்சையை எல்லாவற்றுக்கும் நம்பிய உலகம் ஒருகாலத்தில் அதற்கு விலையும் கொடுத்தது. 1875இல் ஸ்வீடனில் லாகர்லுண்டா என்ற இடத்தில் ரயில்கள் மோதிக்கொண்டன. சிக்னல் நிறம் யாருக்கோ பிடிபடாமல் போயிருக்கலாம் என்று ஃபிரித்தியோஃப் ஹோல்ம்கிரென் என்ற பேராசிரியர் சந்தேகித்தார். வண்ண உல் நூல்களைக் குவித்துவைத்து ரயில்வே ஊழியர்களைப் பிரித்தெடுக்கச் சொல்லும் சோதனையைக் கொண்டுவந்தார். அந்த நாட்டின் கொடியே நீலத்தில் மஞ்சள் சிலுவை. அந்தக் கொடியை உல் சோதனையில் தோற்றவரும் ஒழுங்காகப் பார்த்திருப்பார்! இன்றைக்கு பிரிட்டனில் போலீஸ் கார்களின் பக்கவாட்டில் நீலமும் மஞ்சளும் கட்டம்கட்டமாக ஓடுகின்றன. தூரத்திலிருந்து, பகலிலும் இரவிலும் தெரிய வேண்டும் என்பதற்காகவே அந்த ஏற்பாடு.

உங்களை ஓரங்கட்டிய அந்தப் புள்ளிப் புத்தகம், ஜப்பானிய மருத்துவர் ஷினோபு இஷிஹாரா 1917இல் வெளியிட்டது. சோதனையாக அது அருமையானது. அதை வைத்து வாசலை மூடியவர்களைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. நல்லவேளை, வாசல் கொஞ்சம் திறந்திருக்கிறது. லேசான, நடுத்தர அளவு நிறக்குறைபாடு உள்ளவர்களுக்கு ஓட்டுநர் உரிமம் தரலாம் என்று 2020இல் மத்திய அரசு விதியைத் திருத்தியது. 2022இல் உச்ச நீதிமன்றம், நிறக்குறைபாட்டைக் காரணம் காட்டி புனே திரைப்படக் கல்லூரி மாணவரை விலக்கக் கூடாது என்றது. அந்த வழக்கைத் தொடுத்தவர் படத்தொகுப்புப் படிக்க விரும்பியவர். தம்பிக்கு அந்தச் செய்தியை நான்தான் அனுப்பினேன். "அப்ப மாமாவை மெஷின்ல விட்டிருக்கலாம்ல?" என்று பதில் போட்டான். எனக்கும் அதே கோபம்தான்.

கடைசியாக ஒரு சந்தோஷம். மூன்று நான்கு வருஷமாக நீங்கள் என் நீலத்தையே குறை சொல்லத் தொடங்கியிருந்தீர்கள், "கறுப்பா இருக்கு, அழுக்கா இருக்கு" என்று. புரை விழுந்த லென்ஸ் பழுப்பேறி நீல ஒளியைத்தான் முதலில் தின்கிறது. ஓவியர் மோனேவுக்கும் அதே தொல்லை, 1923இல்தான் அறுவை செய்துகொண்டார். மதுரையில் உங்களுக்குப் புரை அறுவை முடிந்து கட்டுப் பிரித்த அன்று நீங்கள் நர்சின் உடையைப் பார்த்து, "இவ்வளவு நீலமா!" என்று சத்தமாகச் சொன்னீர்களாம். அத்தை போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். வயதானவர்களுக்கான அட்டைகளில் நீலத்தை மட்டும் நம்பி எதையும் பிரிக்காமல், கூடவே ஒரு வட்டமோ சதுரமோ வைப்பதும் அந்த மூன்று நான்கு வருஷத்தில் உங்களைப் பார்த்து வந்த பழக்கம்.

ஆகவே மாமா, மிக்க நன்றி. ஒரு வேலையும் இருக்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்கான மாத்திரை அட்டையின் புரூப் இந்த வாரம் கூரியரில் வரும். காலை மஞ்சள், இரவு நீலம், மதியத்துக்கு என்ன வைப்பது என்று குழப்பம். இப்போதைக்கு வெள்ளையில் நீலக் கோடு போட்டிருக்கிறேன். மஞ்சளுக்குப் பக்கத்தில் அது கரைகிறதா என்று பகலிலும் டியூப் லைட்டிலும் பார்த்துச் சொல்லுங்கள். இரண்டாம் பக்கத்தில் 'உணவுக்கு முன்' என்பதில் ணகரச் சுழி திறந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். அத்தையிடமும் ஒரு பிரதி கொடுங்கள், நூல் ஏதாவது சுற்றச் சொன்னாலும் சொல்வார்.

உங்கள் அக்கா மகள்